தனிநாயகம் அடிகளின் பெயருக்குள் இருந்த எங்கள் பூட்டன்

கிளிநொச்சியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். எங்கள் தோட்டம் இரத்தினபுரி மாவட்டத்தில், இறக்குவானைப் பக்கம் இருக்கிறது. ஒரு இரவும் அரைப் பகலும் பஸ்ஸில் வந்தவர், லயத்து வாசலில் முகம் கழுவிவிட்டு முதலில் செய்த வேலை, மடியில் வைத்திருந்த பொலித்தீன் பையைப் பிரித்ததுதான். உள்ளே நாலு கடதாசிகள். 2009ஆம் ஆண்டு, இடம் மாறி இடம் மாறி ஓடிய மாதங்களில் அவரிடம் மிஞ்சியவை அவ்வளவுதான்.

சித்தப்பா என்றால் அப்பாவின் சித்தப்பா மகன். அவருடைய தகப்பனை நாங்கள் சின்னத் தாத்தா என்போம். சின்னத் தாத்தா பிறந்ததும் பால் வெட்டியதும் இந்த இறப்பர் மலையில்தான். 1977 ஓகஸ்டில் லயங்களுக்கு நெருப்பு வைத்தபோது மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனவர், பிறகு கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறினார். 2009இல் மெனிக் பாம் முகாமில் நோயில் இறந்தார். அவர் பெயரில் இருக்கும் காணியை இப்போது மகன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அவருடைய பிறப்புப் பதிவு வேண்டும். அதைத் தேடித்தான் சித்தப்பா இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

பதிவைத் தேடி எடுத்தோம். ஆனால் பெயர் இடித்தது. சின்னத் தாத்தாவின் தகப்பன், அதாவது என் பூட்டன், ஒரு கடதாசியில் தனிசு. இன்னொன்றில் ஸ்டெனிஸ். மூன்றாவதில் தனியலாஸ். எங்கள் வீட்டில் அவரைச் சொல்வது தனிஸ்லாஸ் என்று. ஓர் அலுவலகத்தில், இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள் என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியாகக் கோயிலுக்குப் போய்ப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தோம். மங்கிப்போன மையில், இலத்தீன் எழுத்தில், சாய்வாக எழுதியிருந்தது: ஸ்தனிஸ்லாவுஸ்.

கோயில் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு சித்தப்பா என்னிடம் கேட்டார், இது என்னப்பா பெயர், இதற்கு என்ன அர்த்தம் என்று. ஊடகக் கற்கைகளில் பட்டம் வாங்கியவன் நான். பத்து வருடமாகப் பிறருடைய கதைகளை எழுதுகிறேன். என் பூட்டனின் பெயருக்கு அர்த்தம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தனிநாயகம் அடிகளை ஆங்கிலத்தில் எழுதும்போது எக்ஸ். எஸ். என்று முன்னால் இரண்டு எழுத்துப் போடுவார்கள். எக்ஸ் என்பது சேவியர். எஸ் என்பது இதே பெயர்தான். அதைச் சொன்னதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தனிநாயகம் அடிகளை அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டையும் தெரியும். நம்முடைய ஆளின் பெயரும் அவருடைய பெயரும் ஒன்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் பிறந்த இடம்

இந்தப் பெயர் எங்கள் ஊர்ப் பெயர் அல்ல. உரோமாபுரியின் பெயரும் அல்ல. போலந்து, செக், ருஷ்யா, சேர்பியா ஆகிய நாட்டு மக்கள் பேசும் மொழிகளை ஸ்லாவிய மொழிகள் என்கிறோம். கிறிஸ்தவம் அந்த நாடுகளுக்குப் போவதற்கு முன்பே அங்கே வழங்கிய பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டியவை. நாங்கள் புகழேந்தி, அருள்மொழி என்று வைப்பது போல. அப்படிக் கட்டிய பெயர்களில் ஒன்றுதான் ஸ்தனிஸ்லாவ். போலந்துக்காரர் ஸ்தனிஸ்வாவ் என்று உச்சரிப்பார்கள். இலத்தீனில் அது ஸ்தனிஸ்லாவுஸ் ஆனது.

முதல் பாதி நிற்றல், நிலைபெறுதல், ஆகுதல் என்ற பொருள்களைத் தரும் வேரிலிருந்து வருவது. இரண்டாம் பாதியான ஸ்லாவா என்பது புகழ். ஆகவே புகழை நிலைநிறுத்துபவன் என்றும், புகழ் பெறுபவன் என்றும் இதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

இந்த இரண்டு வேர்களும் எங்கள் காதுக்கு அவ்வளவு தூரமானவையும் அல்ல. வடமொழியில் ஸ்தானம் என்ற சொல் இருக்கிறதே, அதன் வேரும் ஸ்லாவியத்தின் ஸ்தன் என்பதும் ஒரே பழைய குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்லாவா என்பதற்கும் சிரவணம் என்பதற்கும் அப்படியே உறவு. சிரவணம் என்றால் கேட்டல். ஸ்லாவா என்ற சொல்லின் அடியிலும் இருப்பது கேட்டல்தான். ஒருவனைப் பற்றி ஊர் கேட்டால், அவனுடைய பெயர் காதுகளில் விழுந்தால், அது புகழ். தமிழ் வேறு மொழிக் குடும்பம். ஆனாலும் காதுக்கு நாங்களும் பெரிய இடம் கொடுத்திருக்கிறோம். கேள்வி என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது.

நிற்பது. கேட்கப்படுவது. பூட்டனின் பெயருக்குள் இருந்தவை இந்த இரண்டும்தான்.

போலந்திலிருந்து இறப்பர் மலைக்கு

இந்தப் பெயரைக் கத்தோலிக்க உலகம் முழுவதும் பரப்பியவர்கள் இரண்டு புனிதர்கள். ஒருவர் போலந்தின் கிராக்கோவ் நகரத்து ஆயர். மன்னன் இரண்டாம் பொலெஸ்லாவோடு முரண்பட்டு 1079இல் கொல்லப்பட்டார். 1253இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பொலெஸ்லாவ் என்ற மன்னனின் பெயரிலும் அதே ஸ்லாவா இருப்பதைக் கவனியுங்கள். அவனுடைய பெயருக்கு மிகுந்த புகழ் உடையவன் என்று பொருள். ஆனால் இன்று எங்கள் லயங்களில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராக மிஞ்சியிருப்பது மன்னனுடையது அல்ல, அவனோடு முரண்பட்டுச் செத்தவருடையது.

மற்றவர் ஸ்தனிஸ்லாவுஸ் கொஸ்கா. 1550இல் போலந்தில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை. வியன்னாவில் படித்துக்கொண்டிருந்தபோது இயேசு சபையில் சேர ஆசைப்பட்டான். தகப்பன் விடமாட்டார் என்று தெரிந்ததால் 1567இல் யாருக்கும் சொல்லாமல் கால்நடையாகப் புறப்பட்டான். முதலில் ஜேர்மனி, பிறகு அங்கிருந்து உரோமாபுரி. அங்கே சபையில் சேர்ந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. 1568 ஓகஸ்ட் 15ஆம் திகதி, பதினேழு வயதில் இறந்துபோனான். 1726இல் புனிதராக உயர்த்தப்பட்டான். சபையில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குப் பாதுகாவலன் அவன்தான்.

இந்த இரண்டாவது புனிதர் எங்கள் பக்கம் வந்த வழி விளங்குகிறது. 1893இல் காலி மறைமாவட்டம் உருவாக்கப்பட்டபோது தென் மாகாணத்தோடு சப்ரகமுவவும் அதில் இருந்தது. அதைப் பொறுப்பெடுத்தவர்கள் பெல்ஜியத்து இயேசு சபைக் குருக்கள். இரத்தினபுரி தனி மறைமாவட்டமானது 1995இல்தான். இன்னொரு பக்கம், எங்கள் முன்னோர் புறப்பட்டு வந்த மதுரை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலும் 1838 முதல் மறுபடி இயேசு சபையார் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். எந்த வழியில் வந்திருந்தாலும், போலந்துப் பிள்ளையின் பெயரைத் தமிழ்ப் பிள்ளையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றி வைத்தவர் ஓர் இயேசு சபைக் குருவாகத்தான் இருப்பார்.

தமிழ் நாக்கு ஸ்த என்று தொடங்காது. அதனால் ஸ் உதிர்ந்து தனிஸ்லாஸ் ஆயிற்று. செக்ரோலில் பெயர் எழுதிய கணக்கப்பிள்ளைக்கு அதுவும் நீளம். தனிசு போதும் என்று விட்டுவிட்டார். சிங்கள எழுத்தில் பதிந்தவருக்குத் தன் ஊரில் கேட்ட ஸ்டெனிஸ் நினைவுக்கு வந்திருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் யாரும் பூட்டனைக் கூப்பிட்டு, உன் பெயர் என்ன, எப்படி எழுதுவது என்று கேட்கவும் இல்லை.

கரம்பொன்னில் பிறந்த சேவியர்

வடக்கில், ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொன் கிராமத்தில், 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பனுக்கு ஹென்றி ஸ்ரனிஸ்லாஸ் என்று ஞானஸ்நானப் பெயர், கணபதிப்பிள்ளை என்று தமிழ்ப் பெயர். தாய் சிசிலியா இராசம்மா. பிள்ளைக்குச் சேவியர் என்று பெயர் வைத்தார்கள். தகப்பனின் ஸ்ரனிஸ்லாஸ் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் ட என்ற ஒலியை ர போட்டு எழுதும் வழக்கம் உண்டு. அதனால் அங்கே ஸ்ரனிஸ்லாஸ், இங்கே தனிஸ்லாஸ்.

சேவியர் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். கொழும்பில் குருமடம். 1934இல் உரோமாபுரிக்குப் போனார். 1938இல் அங்கே குருவானார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு என்று மொழிகள் அவரிடம் சேர்ந்துகொண்டே வந்தன. தமிழ் மட்டும் பள்ளிக்கூட அளவில் நின்றிருந்தது.

1939இல் திரும்பியவர் பணிக்குப் போனது தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு. எங்கள் முன்னோரில் ஏராளமானோர் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்தார்களோ, அந்தத் தூத்துக்குடிக்கு இந்தத் தீவிலிருந்து இவர் போய் இறங்கினார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்தபோதுதான், தன் தாய்மொழியில் தனக்கிருந்த குறை அவருக்கு உறைத்தது. உரோமாபுரியில் கலாநிதிப் பட்டம் வாங்கிய குருவானவர், முப்பது வயதை நெருங்கும்போது, அந்த ஊரில் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவனாக உட்கார்ந்தார். 1945 முதல் 1949 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் படித்தார். சங்கப் பாடல்களில் இயற்கை எப்படி வருகிறது என்பதே அவருடைய ஆய்வு. குறிஞ்சியும் முல்லையும் அவரைப் பிடித்துக்கொண்டன. கடைசிவரை விடவில்லை.

அந்தக் காலத்தில்தான் தன் முன்னோர் வழியில் இருந்த தனிநாயகம் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். நான் கவனித்தது இதைத்தான். அவர் புதுப்பெயரை எடுத்தபோது பழைய பெயரைத் தூக்கி எறியவில்லை. சேவியரும் ஸ்ரனிஸ்லாஸும் முதலெழுத்துகளாக முன்னால் நின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்த புனிதரின் பெயரும் போலந்துப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே கையெழுத்தில் இருந்தன. வெளியிலிருந்து வந்த பெயரை வைத்திருப்பதால் ஒருவனுடைய தமிழ் குறையாது என்பதற்கு அவருடைய கையெழுத்தே சாட்சி.

அதன் பின் அவர் செய்தவை பெரும்பாலும் தெரிந்தவை. 1952இல் தமிழ் கல்ச்சர் என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழைப் பற்றித் தமிழருக்குச் சொன்னால் மட்டும் போதாது, தெரியாதவர்களுக்கு அவர்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வழி. அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். 1961 வரை அங்கே கற்பித்தார். இடையில் இலண்டனுக்குப் போய், பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்ற பொருளில் ஆய்வு செய்து இன்னொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது மொழியுரிமைக்காகக் குரல் கொடுத்தார்.

ஐரோப்பிய நூலகங்களின் பழைய அலுமாரிகளில் தமிழைத் தேடினார். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் வினாவிடை நூலையும், 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தையும் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். அந்தாம் தெ புரோவென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதி 1679இல் அச்சானது. அதன் பிரதியைக் கண்டெடுத்து 1966இல் மறுபடி பதிப்பித்தார். எழுதி வைத்தது எங்கேயோ ஓர் அலுமாரியில் கிடக்கும், போய்த் தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத ஆளால் இது முடியாது. கோயில் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு அவருடைய நினைவு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் மட்டும் மிஞ்சிய இடங்கள்

தனிநாயகம் அடிகள் ஊர் சுற்றினார். சும்மா அல்ல, தமிழர் போன தடத்தைத் தேடி. பிரெஞ்சுக்காரர் ஆண்ட கரீபியன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் ஆகியவற்றுக்கு 1853, 1854 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய குடிப்பெயர்வைப் பற்றியும் அவர் ஆராய்ந்து எழுதினார். அந்தத் தீவுகளில் இன்று தமிழ் பேசுவோர் இல்லை. ஆனால் முத்துசாமி, இராமசாமி என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. மொழி போன பிறகும் பெயர் நிற்கிறது. கரும்புத் தோட்டத்துக் கணக்கனும் எங்கள் கணக்கப்பிள்ளை போலத்தான் காதில் விழுந்ததை எழுதியிருப்பான். இருந்தும் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் வேரைத் தேடுகிறார்கள்.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கற்கைகள் துறைத் தலைவரானார். அங்கேயும் அவரைச் சுற்றி இருந்தவர்கள் இறப்பர்த் தோட்டத் தமிழரின் பிள்ளைகள். 1969 வரை அங்கே இருந்தார்.

டில்லியில் ஒரே ஆண்டில்

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு நடந்தது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களைக் கூட்டி, ஜனவரி 7ஆம் திகதி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். முன்னின்று செய்தவர் தனிநாயகம் அடிகள். தலைவராகப் பிரான்சைச் சேர்ந்த ஜோன் ஃபிலியோசா வந்தார். தனிநாயகம் அடிகளோடு செயலாளர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவர் கமில் சுவெலபில். செக் நாட்டுக்காரர், பிராக் நகரில் தமிழ் படித்துத் தமிழ் படிப்பித்தவர். தமிழைத் தூக்கிச் சுமந்த ஸ்லாவியர் ஒருவரும், ஸ்லாவியப் பெயரைச் சுமந்த தமிழர் ஒருவரும் ஒரே கடிதத் தலைப்பின் கீழ் வேலை செய்தார்கள்.

அதே 1964. அதே டில்லி. ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் 975,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

ஒரு டில்லி, ஒரு ஆண்டு. ஜனவரியில் தமிழுக்கு உலகத்தில் ஓர் இருக்கை. ஒக்டோபரில் தமிழர்களைத் தலை எண்ணிப் பிரித்த ஒரு கடதாசி. இதற்காகத் தனிநாயகம் அடிகளைக் குறை சொல்ல முடியாது. அவர் செய்ததைச் செய்ய வேறு யாரும் இருக்கவில்லை. நான் சொல்ல வருவது இதுதான். மொழியின் பெயர் உயரும்போது அதைப் பேசுகிறவனின் நிலையும் தானாக உயர்ந்துவிடும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அது தானாக நடக்கவில்லை.

முதலாவது மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது 1968இல் சென்னையில். மூன்றாவது 1970இல் பாரிசில். நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில். கொழும்பில் நடத்துங்கள் என்று அரசாங்கம் நெருக்கியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் இலங்கைக் கிளையினர் யாழ்ப்பாணத்தில் நடத்திக் காட்டினார்கள். கடைசி நாள், ஜனவரி 10ஆம் திகதி, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் திரண்டிருந்த சனத்தின்மீது பொலிஸார் பாய்ந்தார்கள். மின்கம்பி அறுந்து விழுந்தது. உயிர்கள் போயின. இதை வாசிப்பவர்களில் பலர் அந்த நாளை வருடாவருடம் நினைவுகூருகிறவர்கள். நான் விவரிக்கத் தேவையில்லை.

ஆனால் அதே ஜனவரி மாதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாதம் முடிவதற்குள் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மீதி 150,000 பேரை ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். தோட்டங்களில் அப்போது பஞ்சம். மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காமல் மக்கள் செத்த காலம். எங்கள் அப்பாயி அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் மாநாடு நடந்தது இந்த லயத்துக்குத் தெரியாது. இந்த லயத்துப் பசி மாநாட்டுக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு துயரமும் சந்திப்பதற்கு மூன்று ஆண்டுகள்தான் எடுத்தன. 1977இல் எரிந்த லயங்களிலிருந்து சனம் வடக்கே போனது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கங்களில் மறுபடி அடி. மறுபடி சனம் வடக்கே போனது. 1983க்குப் பிறகும் போனது. வன்னியின் எல்லையோரக் குடியேற்றங்களில் முதலில் இருத்தப்பட்டவர்களும், போரில் முதலில் அடிபட்டவர்களும் பெரும்பாலும் இவர்கள். தோட்டத்துப் பெயர்களோடு போனவர்கள் வன்னிக் கடதாசிகளில் இன்னொரு முறை எழுதப்பட்டார்கள். பிறகு அந்தக் கடதாசிகளும் பங்கர்களில் புதைந்தன.

தனிநாயகம் அடிகள் இதன் முழுமையையும் பார்க்கவில்லை. 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் காலமானார். ஐந்தாவது மாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் கூடியபோது அவர் இல்லை. அதே 1981இல், ஜூன் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. பழைய நூல்களைத் தேடி உலகம் முழுக்க அலைந்த மனிதர் அந்தச் சாம்பலைப் பார்க்காமல் போனது ஒரு ஆறுதலா என்று சில நேரம் யோசிப்பேன்.

நிற்பதும் கேட்கப்படுவதும்

ஒரு புகழ் நிற்க வேண்டுமானால் அதைக் கேட்க ஆள் வேண்டும். தனிநாயகம் அடிகள் தன் வாழ்நாளில் செய்ததை ஒரு வரியில் சொன்னால், தமிழைக் கேட்காத காதுகளுக்குத் தமிழைக் கேட்க வைத்தார். தகப்பனிடமிருந்து வந்த பெயரின் பொருளை அறிந்துதான் அப்படி வாழ்ந்தாரா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெயருக்குப் பொருந்த வாழ்ந்தார்.

அதே பெயரோடு இந்த மலையில் வாழ்ந்த என் பூட்டனுக்கு நிற்க ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. லயக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். அவருடைய பெயரைச் சரியாகக் கேட்டு எழுத ஓர் ஆளும் இருக்கவில்லை. நாடற்றவராகவே செத்தார். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம், மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தபோது, அதைக் கேட்க அவர் இல்லை.

இது பழைய கதை அல்ல. இப்போதும் சப்ரகமுவவில் தமிழில் ஒரு படிவம் கிடைப்பது கஷ்டம். பிள்ளையின் பெயரைத் தமிழில் ஒரு மாதிரி, சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் வேறு மாதிரி எழுதி வாங்கிக்கொண்டு, எழுத்துத்தானே என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்த எழுத்து முப்பது வருடம் கழித்துக் காணியாக, கடவுச்சீட்டாக, நட்டஈடாக, காணாமல் போனவரைத் தேடும் முறைப்பாடாக முன்னால் வந்து நிற்கும். போரில் கடதாசி இழந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு எழுத்துப் பிழையால் செத்த மகனை மகன் என்று நிரூபிக்க முடியாமல் நிற்கும் தாய்மாரை நானே பேட்டி கண்டிருக்கிறேன்.

சித்தப்பாவின் விடயம் இன்னும் முடியவில்லை. கோயிலில் ஞானஸ்நானப் பதிவின் பிரதி ஒன்று எடுத்தோம். தனிசு, ஸ்டெனிஸ், தனியலாஸ், ஸ்தனிஸ்லாவுஸ் ஆகிய நான்கும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்தோம். நான்கு பெயர்களையும் வரிசையாகத் தட்டச்சில் பார்த்தபோது சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. நாலு ஆள் வேலையைத்தான் அந்த மனிசன் ஒருத்தராகச் செய்தார், எழுதியதில் பிழையில்லை என்றார்.

புறப்படும்போது, பெயரின் அர்த்தத்தை ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னார். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். புகழை நிலைநிறுத்துபவன் என்று எழுதினேன். கீழே, தனிநாயகம் அடிகளின் பெயரும் இதுவே என்றும் எழுதினேன். வாங்கி ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். பிறகு சத்தியக் கடதாசியோடு சேர்த்து மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் பேசினார். அங்கே இன்னொரு கடிதம் கேட்கிறார்களாம். அடுத்த மாதம் மறுபடி வருகிறார்.